பழைய பாட்டைத் தெரிந்தெடுத்தவர் யார், புதிய பாட்டைத் தெரிந்தெடுப்பவர் யார்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அவருடைய தகப்பனார் 1960களிலிருந்து 1990கள் வரையான பாடல்களைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. மகனோ புதிதாக வெளிவரும் அல்பங்களை ஒன்று விடாமல் கைபேசியில் கேட்கிறார். ஆனால் மூன்று மாதம் கழிந்தபின் அவற்றில் ஒரு பாட்டின் சரணமாவது அவர் வாயில் வருவதில்லை. பழைய பாடல்கள் உண்மையிலேயே உயர்ந்தவையா, பழகிப்போனதால் அப்படித் தோன்றுகிறதா, புதிய வெளியீடுகளை எப்படிக் கேட்டால் அவற்றின் தரம் விளங்கும் என்று அவர் கேட்கிறார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தகப்பனார் கேட்டுக்கொண்டிருப்பது அக்காலப் பாடல்கள் எல்லாவற்றையும் அல்ல, அவற்றுள் வேறு யாரோ முன்னமே தெரிந்தெடுத்துக் கொடுத்த சிலவற்றை மட்டுமே. ஒரு படத்துக்கு ஆறு, ஏழு பாடல்கள் என்று ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தவற்றில் பெரும்பாலானவை இன்று எவருடைய ஞாபகத்திலும் இல்லை; அவற்றுள் சலிப்பூட்டுபவையும் இருந்தன, ஒரே மெட்டைச் சற்றே திருப்பிப் போட்டவையும் இருந்தன. மகனுக்கோ அப்படிச் சலித்தெடுக்கும் வேலையைச் செய்து கொடுக்க எவரும் இல்லை. வெள்ளிக்கிழமை வெளிவந்த அத்தனையும் வெளிவந்தபடியே அவர் காதில் விழுகின்றன. எனவே சல்லடையில் நின்றதையும் சல்லடைக்கே போகாததையும் ஒப்பிட்டுத்தான் வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது.

அந்தச் சல்லடை எங்கே இருந்தது என்பதை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அது கொழும்பில், இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் இருந்தது. 1952ஆம் ஆண்டளவில் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய ஒதுக்கியே வைத்தார். 1957இல் அதன் பொழுதுபோக்குச் சேவையாகிய விவித பாரதி தொடங்கும்வரை அந்த இடைவெளி நீடித்தது. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் காதுகளும் கடல் கடந்து இலங்கைப் பக்கம் திரும்பின. எஸ். பி. மயில்வாகனன், பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் அங்கே நட்சத்திரங்களுக்குச் சமமாக அறியப்பட்டார்கள். நம்முடைய பெற்றோருக்கோ அது அயல்நாட்டு நிலையமல்ல; காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கினால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒலிபரப்பு நேரம் குறைவு, அனுப்பப்படும் விருப்ப அட்டைகளோ சாக்குச் சாக்காக. ஆகவே எந்தப் பாட்டைப் போடுவது என்ற தீர்மானம் ஒவ்வொரு நாளும் ஒரு மனிதரின் மேசையில் எடுக்கப்பட்டது. அந்த மனிதருக்கு இசையறிவு இருந்தது, தமிழறிவு இருந்தது, மற்றப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு பாட்டை எங்கே வைத்தால் அது எடுபடும் என்ற கணக்கும் இருந்தது. பாட்டைப் போடுமுன் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். சனங்கள் அறியாமலே அது ஒரு பாடமாகியது. பாடலாசிரியர் பெயரை நம் ஊர்க் கிழவிகள்கூடத் தெரிந்து வைத்திருந்ததற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சான்றாக ஒன்றைச் சொல்கிறேன். 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ வியாபாரத்தில் தோற்ற படம். அதைத் திரையில் பார்த்தவர்கள் நம் பக்கத்தில் மிகச் சிலரே இருப்பார்கள். ஆனால் வைரமுத்து முதன்முதலாகத் திரைக்கு எழுதிய ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’ அந்தப் படத்துக்குரியது. கங்கை அமரன் எழுத, தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும் பாடிய ‘பூங்கதவே தாழ் திறவாய்’ அதே படத்துக்குரியது. படம் மறைந்து பாட்டு நின்றதென்றால் காட்சியின் தயவாலோ நடிகரின் தயவாலோ அது நிற்கவில்லை. வானொலி அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தது. ஒலிக்கச் செய்யத் தகுந்த பொருளும் அதில் இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பாட்டு காலத்தைக் கடக்கும் என்பது என் துணிபு.

அந்தப் ‘பொருள்’ என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ‘பூங்கதவே’ பாட்டைக் காதில் செருகியைப் போட்டுக்கொண்டு, பாடகர்களை விட்டுவிட்டு இடையிசையை மட்டும் கேளுங்கள். மேலைநாட்டு வயலின் கூட்டம் மெல்ல எழுந்து பரவிய இடத்தில், எதிர்பாராமல் நாகசுரமும் அதற்குரிய தாளமும் வந்து நுழைகின்றன. ஒரு சில நொடிக்குள் ஒரு கலியாண வீடு எழும்பி நின்றுவிடுகிறது. பிறகு அது கரைந்து பழைய மெதுவான ஓட்டத்துக்குள் பாட்டு திரும்பி வருகிறது. காதலில் தொடங்கிய பாட்டு மணவறை வரைக்கும் போய் வந்துவிட்டது. அதைச் சொல்லில் எங்கும் விளக்கவில்லை. இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தபின் தமிழ்த் திரைப்பாட்டில் நடந்த பெரிய மாற்றம் இதுதான்: இடையிசை, பாடகர் மூச்சு வாங்குவதற்கான இடைவெளியாக இல்லாமல், கதையின் ஒரு பகுதியை நடத்தும் இடமாகியது. அவருக்கு முன்னும் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இணை இதை நன்கு அறிந்திருந்தார்கள். 1964இன் ‘புதிய பறவை’யில் ஒரே மெட்டு மகிழ்ச்சியாக ஒருமுறையும் துயரமாக இன்னொருமுறையும் வருவதைக் கவனித்தால், அந்தப் படத்தின் பாடல்களை ஒன்றுசேரக் கேட்க வேண்டிய தேவை விளங்கும். 1965இல் அவர்கள் பிரிந்தார்கள். அதன் பின் எம். எஸ். விஸ்வநாதன் தனித்துச் செய்தவற்றுள் 1979இன் ‘நினைத்தாலே இனிக்கும்’ முழுமையாக ஓர் அல்பம் என்று சொல்லத்தக்கது. இசைக்குழுவொன்றைப் பற்றிய கதை என்பதால் பாட்டுகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன.

இந்த ‘ஒன்றுசேரக் கேட்டல்’ என்ற பழக்கம்தான் இரண்டாவது சல்லடை. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடத்துக்குமேல் இடமில்லை. எனவே அந்தக்காலத்தில் பாட்டு தனித்தனிப் பண்டம். நீள இசைத்தட்டும், 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கசெற்றும் வந்தபின்தான் ஒரு படத்தின் பாடல்கள் வரிசையாக வீட்டுக்குள் வந்தன. வரிசை என்பது சாதாரண விடயமல்ல. ஒரு பாட்டு முடிந்த மௌனத்திலேயே அடுத்த பாட்டின் முதல் சுரம் நமக்குக் கேட்டுவிடும். இன்று அதைக் கலைத்துப் போட்டால் ஏதோ குறைகிறது.

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருந்த ‘ரெக்கோடிங் பார்’களை நேரில் கண்டவர்கள் இதை இன்னொரு கோணத்தில் அறிவார்கள். கொப்பித்தாளில் பாட்டுகளின் முதலடியை எழுதி, அறுபது நிமிட கசெற் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டுக்குமேல் அதில் பிடிக்காது. பக்கம் முடிவதற்குள் பாட்டு முடியாதென்றால் கடைக்காரர் அதைப் பாதியில் வெட்டமாட்டார். பட்டியலில் இல்லாத சின்னதொரு வாத்திய இசையை அந்த மீதி இடத்தில் போட்டு நிரப்பித் தருவார். அந்த நிரப்பலிலேயே சிலருடைய ரசனை அடையாளம் தெரியும். சில கடைகளின் பதிவு இயந்திரம் சற்று மெதுவாக ஓடுவதும் உண்டு; அதில் பதிந்ததை வீட்டில் போட்டால் பாட்டு வேகமாக ஒலிக்கும். அந்தக் கசெற்றில் பழகிய காதுக்கு, இன்று மூலப் பதிவைக் கேட்டால் பாடகர் அரைச் சுருதி இறங்கிப் பாடுவதுபோல் இருக்கும். தகப்பனார்மார் ‘யூடியூப்பில் இருக்கிறது அசல் பாட்டில்லை’ என்று முறையிடுவதைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். அவர்கள் சொல்லும் காரணம் பிழையாக இருக்கலாம். காது கண்டுபிடித்தது சரி.

இனி, பலரும் கவனிக்காத ஒரு காரணம். பழைய பாடல் நல்லதாகவும் புதியது வெறும் சத்தமாகவும் கேட்பதற்கு நாம் கேட்கும் கருவிக்குப் பெரிய பங்குண்டு. கோயில் திருவிழாவுக்குத் தென்னையிலும் கம்பத்திலும் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி, ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலிகளை மிகக் குறைவாகவே வெளியிடும். மனிதக் குரல் எடுபடும் பகுதியைத்தான் அது உரத்துச் சொல்லும். டி. எம். சௌந்தரராஜனும் எல். ஆர். ஈஸ்வரியும் சீர்காழி கோவிந்தராஜனும் பாடியவை ஒற்றைத்தட ஒலிப்பதிவில், குரலை நடுவில் நிறுத்தி, வாத்தியங்களைச் சுற்றிலும் அடக்கிப் பதியப்பட்டவை. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைக்கு அப்படி ஒரு பாட்டைப் போட்டால் வாவிக்கு அக்கரையிலும் சொல் சொல்லாக விளங்குவது அதனால்தான். இன்றைய பாட்டில் அடித்தளம் முழுதும் 40 முதல் 80 ஹேர்ட்ஸ் வரையான தாழ் ஒலியில் கட்டப்படுகிறது. கூம்பிலும் கைபேசியின் சிறு ஒலிவாயிலும் அந்த அடித்தளம் காணாமல் போய்விடும்; மிஞ்சுவது மேலே தெறிக்கும் சிணுங்கல் மட்டும். மறுபக்கம், இருக்கைக்குக் கீழே பெரிய பெட்டி பூட்டிய முச்சக்கர வண்டியில் பழைய பாட்டைப் போட்டால் அது சோகை பிடித்ததுபோல் ஒலிக்கும். தகப்பனாருக்கும் மகனுக்கும் ஒரே காதுச் செருகியைக் கொடுத்து இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். வாக்குவாதத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்காக இன்றைய வெளியீட்டு முறைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு படத்தின் பாடல்கள் ஒருமித்து வெளிவருவதில்லை. முதலாம் தனிப்பாடல், இரண்டாம் தனிப்பாடல் என்று வாரக்கணக்கில் துண்டு துண்டாக விடுகிறார்கள். முழு அல்பம் வரும்போது அதில் புதிதாகக் கேட்க இரண்டு பாட்டுத்தான் மிஞ்சியிருக்கும். ஸ்பொட்டிபை போன்ற தளத்தில் முப்பது விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. எனவே நீண்ட முன்னிசைக்குத் துணிபவர் குறைவு. நேராகக் கொக்கி போன்ற ஒரு வரி, அதன் பின் ஒரு சரணம், மறுபடியும் அதே வரி. அந்த முப்பது விநாடிக் கணக்குக்காகப் பிறந்த பாட்டு, அந்தக் கணக்கு முடிந்தபின் இறந்துபோவதில் வியப்பென்ன? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் முன்கூட்டி வெளிவரும் தனிப்பாடல் அந்தப் பதம் பார்க்கும் சோறல்ல, விற்பனைக்காகத் தனியே தாளித்து எடுத்த கவளம். அதைக்கொண்டு அல்பத்தைத் தீர்ப்பிடக் கூடாது.

ஆனாலும் நல்ல வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2025இல் வெளிவந்த ‘தக் லைப்’ படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ‘முத்த மழை’யை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் அல்பத்தில் அதைப் பாடியவர் ‘தீ’ என்ற பாடகி. ஈழத் தமிழ்ப் பின்புலம் கொண்டு அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். தெலுங்கிலும் ஹிந்தியிலும் பாடிய சின்மயி, சென்னையில் நடந்த பாடல் வெளியீட்டு மேடையில் அதே பாட்டைத் தமிழில் பாடினார். ஓரிரு நாளில் அந்த மேடைப் பதிவு அல்பப் பதிவைவிட அதிகமாகப் பேசப்பட்டது. எவர் சிறந்தவர் என்று இரு பக்கமும் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. நான் கவனித்தது வேறு. ஒரு புதிய பாட்டை இலட்சக்கணக்கானோர் இரண்டு குரலில், வரிக்கு வரி, மூச்சுக்கு மூச்சு ஒப்பிட்டுக் கேட்டார்கள். சின்மயி சொற்களை முழுதாக விரித்து, சங்கதிகளைத் தெளிவாக வைத்துப் பாடுகிறார்; தீ சொல்லின் ஓரங்களை மடித்து, குரலின் கரகரப்பையே வாத்தியமாக்கிப் பாடுகிறார். இப்படி உட்கார்ந்து கேட்கும் பொறுமை இந்தத் தலைமுறைக்கு இல்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை. கேட்கத் தூண்டும் காரணம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

தீயும் ராப் பாடகர் அறிவும் சேர்ந்து பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்து 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை இலங்கையர் நாம் இன்னும் கூர்ந்து கேட்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்ப வரலாறு, அறிவின் பாட்டியின் கதையாக, ஒப்பாரியின் சாயலோடு அதற்குள் இருக்கிறது. கொண்டாட்டப் பாட்டு என்று எண்ணி நம் இளைஞர்கள் கலியாண மண்டபத்தில் ஆடுகிறார்கள்; ஆடட்டும், பாட்டு அதையும் தாங்கும்.

திரைப்படத்துக்கு வெளியே அல்பம் என்ற வடிவம் தமிழில் புதிதல்ல என்பதையும் தம்பி அறிந்திருப்பது நல்லது. 1986இல் இளையராஜா தியாகராஜருக்கும் ஜேர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் சமர்ப்பணமாகச் செய்த ‘ஹவ் டு நேம் இட்’, 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’, 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வந்த திருவாசகம் ஆகியவை பாடகர் பெயருக்காகவோ நடிகர் முகத்துக்காகவோ கேட்கப்படுபவை அல்ல. பா. ரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைத் தலைமையில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018இல் வெளியிட்ட ‘மகிழ்ச்சி’, கானாவையும் றொக்கையும் ராப்பையும் ஒன்றாக்கி, சாதியைப் பற்றி நேராகப் பேசியது. சாய் அபயங்கர் 2024இல் ‘கட்சி சேர’, ‘ஆச கூட’ என்ற தனிப்பாடல்களால் அறியப்பட்டு அதன் பிறகே திரைக்கு இசையமைக்கப் போனார். முன்பு திரையில் புகழ் பெற்றவர்தான் தனி அல்பம் செய்யத் துணிவார். இப்போது வழி தலைகீழாகியிருக்கிறது. மகனுடைய காலத்துக்கு இது ஒரு நல்ல பேறு என்றே எண்ணுகிறேன்.

பழையதே புதிதாகத் திரும்பி வருவதையும் பார்க்கிறோம். 1991இன் ‘குணா’ பாட்டு ஒன்று 2024இல் ‘மஞ்ஞும்மல் போய்ஸ்’ என்ற மலையாளப் படத்தின் வழியாகவும், 1989இன் ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு ஒன்று அதே ஆண்டின் ‘லப்பர் பந்து’ வழியாகவும் பள்ளி மாணவர்களின் வாயில் ஏறின. முதலாவதற்காக இளையராஜா சட்ட அறிவித்தல் அனுப்பியதும் அறிந்ததே. உரிமைச் சிக்கலை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் புதிய படங்கள் உணர்ச்சி உச்சத்துக்குப் பழைய பாட்டைக் கடன் வாங்குவது, இன்றைய இசையமைப்பாளர்கள் மீது இயக்குநர்களுக்கே நம்பிக்கை குறைந்துவிட்டதைக் காட்டுகிறதோ என்று எனக்கு ஐயம் உண்டு.

இந்தப் பேச்சில் நம் மண்ணின் பங்கைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஈழத்துத் துள்ளிசையின் முன்னோடியாகிய நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்தவர் என்றாலும், அவருடைய பாட்டு வாழ்வின் தொடக்கம் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்த நாட்களோடு சேர்ந்தது. ‘சின்ன மாமியே’ தெரியாத வீடு நம் பக்கத்தில் இல்லை. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’யை 1977இல் இளையராஜாவே தமிழ்நாட்டுப் படமொன்றில் எடுத்தாண்டார். திருகோணமலையிலிருந்து எம். பி. பரமேஷ் மெல்லிசையில் தனித்த இடம் பிடித்தார். இந்தப் பாட்டுகளின் துள்ளலுக்கு அடியில் ஓடுவது பைலா. போர்த்துக்கேயர் காலத்து வழியில் வந்த ஆறெட்டுத் தாளம். அதே வழியில் வந்த கப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் பாட்டையும், போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் கலியாண வீடுகளில் பேணி வந்திருக்கிறார்கள். தமிழ்த் துள்ளிசையின் ஊற்றுகளில் ஒன்று இவ்வளவு அருகில், வயலினோடும் மத்தளத்தோடும் இருந்தும் அதைத் தேடிக் கேட்ட தமிழ் ரசிகர்கள் எத்தனை பேர்? மீன் பாடும் தேன்நாடு என்று மேடையில் சொல்லிப் பெருமைப்படுவதோடு நாம் நின்றுவிடுகிறோம்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடும் குளிர்த்தியும், வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் தரு எனப்படும் பாட்டுகளும், அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவிகளும் பொல்லடிப் பாட்டுகளும், நோன்பு காலத்துச் சஹர் வேளையில் றபான் தட்டி வரும் பக்கீர்மாரின் பைத்துகளும், நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல்கள் காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் பெற்றிருந்த இடமும் தனியே எழுத வேண்டியவை. யாழின் சுரக் கணக்கை அறிவியல் கண்ணோடு ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்ட சுவாமி விபுலானந்தர் பிறந்தது காரைதீவில். அவர் பெயரால் கல்லடியில் ஓர் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. மௌனகுரு உருவாக்கிய ‘இன்னியம்’ வாத்திய அணி, பறையையும் உடுக்கையும் சேர்த்து ஊர்வல இசைக்குப் புது உடல் கொடுத்தது. இவ்வளவு மூலப்பொருள் உள்ள இடத்திலிருந்து வரும் புதிய இறுவெட்டுகள் ஏன் பெரும்பாலும் சென்னையின் சாயலிலேயே ஒலிக்கின்றன என்பதுதான் என் மனக்குறை.

நம் ஊர் இறுவெட்டு வெளியீட்டு விழா ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை. பிறகு முதற்பிரதியை ஊர்ப் பிரமுகர் ஒருவர் உறையில் பணம் வைத்துப் பெறுவார், அதன்பின் சிறப்புப் பிரதிகள் வரிசையாக நீளும், பொன்னாடைகள் போர்த்தப்படும். இரண்டரை மணித்தியாலம் கழிந்து, மின்விசிறிகளை நிறுத்தும் நேரத்தில், வெளியிடப்பட்ட பாட்டில் இரண்டு நிமிடம் ஒலிக்கும். அதுவும் ஏற்புரைக்காக இடையில் நிறுத்தப்படும். நயவுரையாளர் பாட்டைக் கேட்டுவிட்டு வந்தாரா என்பது பல வேளை ஐயத்துக்குரியது. வாங்கிய இறுவெட்டைப் போட்டுப் பார்க்க வீட்டில் கருவியும் இல்லாத காலம் இது. அந்தப் பாட்டுக்குச் சல்லடையும் இல்லை, ஒலிபரப்பும் இல்லை. பிறந்த மண்டபத்திலேயே அது அடங்கிவிடுகிறது. பாட்டு தரமற்றது என்று எவரும் சொல்லவில்லை, ஏனெனில் எவரும் கேட்கவில்லை.

அப்படியானால் இன்று தெரிந்தெடுப்பவர் யார்? 1990களின் பிற்பகுதியில் பரவிய தனியார் எப். எம். நிலையங்கள் அந்த வேலையைச் சில காலம் செய்தன. இப்போது கணினிப் பரிந்துரை செய்கிறது. ஆனால் நேற்றுக் கேட்டதைப் போன்ற ஒன்றையே அது இன்றும் எடுத்துத் தரும். என் கண்ணில் பட்ட உயிருள்ள தெரிவாளர், மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்கு ஓடும் தனியார் பஸ்ஸின் சாரதிதான். ஒருமுறை ‘பூங்கதவே’ முடிந்த கையோடு பின் இருக்கையிலிருந்த வயோதிபர் ஒருவர், “தம்பி, அந்தப் பாட்ட மறுகாலும் ஒருக்காப் போடுங்க” என்றார். சாரதி மறுபேச்சின்றிப் போட்டார். அவருடைய சேமிப்பில் நான்கைந்து பழையதுக்கு ஒரு புதியது என்ற கணக்கில் வரிசை இருந்தது. எப்படித் தெரிவு செய்கிறீர்கள் என்று இறங்கும் இடத்தில் கேட்டேன். “புதுப் பாட்டு ஒண்டப் போட்டா ரெண்டு மூணு நாளையில சனமே சொல்லிப்போடும், வெச்சிரிக்கிறதா கழட்டுறதா எண்டு” என்றார். மயில்வாகனன் காலத்து விருப்ப அட்டைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

ஆகவே தம்பிக்கு என் ஆலோசனை இப்படி அமையும். வெளிவரும் எல்லாவற்றையும் கேட்பதை நிறுத்துங்கள். மாதத்துக்கு ஓர் அல்பத்தை மட்டும் தெரிந்தெடுங்கள். அதை வெளியிட்டவர்கள் வைத்த வரிசையிலேயே, இடையில் தாவாமல், சில நாள் விட்டுவிட்டுக் கேளுங்கள். முதல் தடவை மெட்டுத்தான் காதில் ஏறும். அடுத்த முறை இடையிசையைக் கவனியுங்கள். அதற்கடுத்த முறை சொற்களை எழுதிப் பாருங்கள். எழுதும்போது வெட்கப்பட வைக்கும் பாட்டு நிற்காது. தனிப்பாடலாக முன்கூட்டி வந்தது எதுவோ அதைக் கடைசியாகக் கணக்கில் எடுங்கள். பெரும்பாலும் அல்பத்தின் நல்ல பாட்டு ஐந்தாவது ஆறாவது இடத்தில் சத்தமில்லாமல் இருக்கும். 2018இன் ‘96’ பாடல்களைக் கோவிந்த் வசந்தாவின் வயலினுக்காக அப்படி முழுமையாகக் கேட்டுப் பழகலாம். பழையதில் ‘புதிய பறவை’, ‘நிழல்கள்’, 1992இன் ‘ரோஜா’ ஆகியவற்றிலும் அதே முறையைக் கையாளலாம்.

பழையதைக் கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. ‘5.1 முறையில் மெருகேற்றியது’ என்ற தலைப்போடு இணையத்தில் கிடப்பவற்றில் பல, ஆர்வலர்கள் வீட்டுக் கணினியில் எதிரொலியையும் தாழ் ஒலியையும் ஏற்றியவை. சிலவற்றில் வாத்தியங்களையே புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். பாடகரின் மெய்யெழுத்துகள், குறிப்பாக ‘ழ’வும் ‘ற’வும், தெளிவாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள். மழுங்கியிருந்தால் அந்தப் பதிவை விட்டுவிட்டு இசை நிறுவனமே ஏற்றிய ஒற்றைத்தடப் பதிவைத் தேடுங்கள்.

இறுதியாக ஊர்ப் பாட்டு. 1978 நவம்பர்ச் சூறாவளியிலும், நீண்ட போரிலும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் கல்லடி முதல் பொத்துவில் வரையான வீடுகளில் எத்தனை இசைத்தட்டுகளும் கசெற்றுகளும் போயின என்பதற்குக் கணக்கில்லை. வணிகப் பாட்டுக்கு வேறெங்காவது பிரதி இருக்கும். உள்ளூர் மெல்லிசைக் குழு மேடையில் பாடிப் பதிந்ததற்கு அந்த ஒரு பிரதியே மூலம். உங்கள் தகப்பனாரின் பழைய பெட்டியில் அப்படியொன்று இருந்தால் நாடா அறுந்துபோகும் முன் எண்ணிமத்துக்கு மாற்றி, பாடியவர், எழுதியவர், வாசித்தவர், ஊர், ஆண்டு ஆகியவற்றை அவரிடமே கேட்டு எழுதி, நூலக நிறுவனத்தின் ஆவணகம் போன்றவற்றிடம் ஒப்படையுங்கள். பெயர்களைக் கேட்டு எழுத ஒரு பின்னேரம் போதாது. சில பெயர்களுக்காக அவர் பழைய கூட்டாளிகளுக்கு அழைப்பெடுக்க வேண்டியும் வரலாம்.